பதினெட்டு நொடிச் சிரிப்பு

அத்தியாயம் 12

என் கணவர் பாலகோபால் காலமாகி முப்பத்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை. காலை ஏழரைக்கு அவருடைய அண்ணன் வெங்கடபதி மாமா கணபதி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துவிட்டார்.

"இதப் படிச்சுப் பாருங்கம்மணி. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். என்ற சம்பந்தி பையன் எழுதிக் குடுத்தான்."

வாங்கிப் படித்தேன். 'எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் வரலட்சுமி. அந்த வீடியோவில் நான் நடந்துகொண்ட விதம் பலர் மனதைப் புண்படுத்தியிருக்கிறது...' பாதியில் ஓரமாக ஒரு குறிப்பு இருந்தது.

"'இங்கே அழவும்'னு போட்டிருக்குதுங்களே மாமா?"

"அவன் யூடியூப்ல இருக்கறவன். அவனுக்கு இதெல்லாம் தெரியும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இந்த வாரம்தான் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் விடிவதற்குள், கணவரை இழந்தவளுக்குக் கடைசி முறையாக மஞ்சள் பூசி, பூ வைத்து, பிறந்த வீட்டுப் புதுச்சேலை கட்டி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். அடுக்கிய பிறகு உடைப்பார்கள். வளையல் வாங்கி வர வேண்டியது கணவரின் சகோதரி. என் நாத்தனார் ரங்கநாயகி, வீட்டில் தெலுங்கு பேசுகிற எங்கள் வழக்கப்படி எனக்கு அவர் வதினா, என் கல்யாணத்தின்போது என் கை என்ன அளவோ அதையே நினைவு வைத்து 'ரெண்டு நாலு' வாங்கி வந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் என் கை 'ரெண்டு எட்டு' ஆகியிருந்தது. முதல் வளையலே கட்டைவிரல் முட்டில் மாட்டிக்கொண்டது. சோப்புத் தண்ணீர் தடவினார்கள். கை முழுக்க நுரை. அப்போது நான் சிரித்தேன். எப்படியோ ஆளுக்கொரு கையாக நாலைந்தை ஏற்றினார்கள். பிறகு உடைக்க வந்தபோது கையை மடக்கிக்கொண்டேன்.

உடைக்க விடாததற்கு உறவுக்குள்தான் சண்டை. சிரித்ததற்கு உலகமே சண்டை.

பதினெட்டு நொடி அது. யாரோ அதன்மேல் ஒரு கல்யாணப் பாட்டை ஒட்டி, 'புருஷன் செத்த பதினோராம் நாள், இந்தம்மா குஷியைப் பாருங்க' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். ஒன்பது நாளில் பதினாலு லட்சம் பேர் பார்த்தார்கள். சொத்துக்காகக் கொன்றிருப்பேன் என்றார் ஒருவர். அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கேட்டார் இன்னொருவர். ஊர் பேர் தெரியாத ஒரு பெண் என் மகளின் வயதைக் கணக்குப் போட்டு வேறென்னவோ எழுதியிருந்தாள். என்னைப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். 'பழமைவாதத்தின் கன்னத்தில் அறைந்த வீரப்பெண்' என்று ஒரு பக்கத்தில் என் படத்தைப் போட்டிருந்தார்கள். நான் யாரையும் அறையவில்லை. என் கை சோப்பு நுரைக்குள் சிக்கியிருந்தது.

ஏன் சிரித்தேன் என்பதை இதுவரை எங்கும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் ஆதர்ஷ் டொரண்டோவில் வேலை பார்க்கிறான். விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த சமயத்தில் அப்பா போய்விட்டார். அவனால் வர முடியவில்லை. வதினாவின் மகள் நேஹா தன் ஃபோனில் வீடியோ கால் போட்டு, எல்லாச் சடங்கையும் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வளையல் மாட்டிக்கொண்டபோது வதினா இன்னும் கொஞ்சம் சோப்பு எடுக்கப் போயிருந்தார். என் மகள் ஹர்ஷிணி சமையலறையில். நானும் நேஹாவும் மட்டும் அருகருகே இருந்தோம். ஃபோனுக்குள்ளிருந்து என் கணவரின் குரல் கேட்டது.

"அளவு பாக்காம பேரிங் வாங்கிட்டு வந்துபோட்டு, இப்ப சுத்தியலத் தேடறியா?"

பம்ப்செட் ஒர்க்‌ஷாப்பில் தன்னிடம் வேலை செய்தவர்களை அவர் இப்படித்தான் திட்டுவார். அதே இழுப்பு, கடைசியில் அதே செருமல். ஆதர்ஷ் சின்ன வயதிலிருந்தே அப்பாவைப் போலப் பேசிக் காட்டுவான். பத்து நாள் கழித்து அந்தக் குரல் அறைக்குள் வந்ததும் சிரித்துவிட்டேன். பத்தொன்பதாம் நொடியிலிருந்து நான் அழுததை அந்த வீடியோவில் வெட்டிவிட்டிருந்தார்கள்.

இதைச் சொன்னால் என் மேலுள்ள பழி போய்விடும். ஆனால் பதினாலு லட்சம் பேரும் என்னை விட்டுவிட்டு அவனிடம் போவார்கள். 'அப்பன் சாவுக்கு வராத மகன் வீடியோவில் மிமிக்ரி செய்தான்' என்று எழுத அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? அவன் ஏற்கெனவே தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தான். அதனால் நேஹாவிடம் மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மாமாவின் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"நான் தப்புப் பண்ணலீங்க மாமா. மன்னிப்புக் கேட்டா பண்ணுனதா ஆயிரும்."

"அது எனக்குத் தெரியாதா? பாலு போனப்போ நீங்க எப்புடி இருந்தீங்கன்னு நான் பாக்கலியா?" மாமாவின் குரல் உடைந்தது. "நேத்து மார்க்கெட்டுல ஒருத்தன் என்ற மூஞ்சிக்கு நேரா ஃபோனக் காட்டி, இது உங்க ஊட்டுப் பொம்பளதானேங்கறான். எழுவத்தோரு வயசுல நான் என்னத்தைச் சொல்லோணும்?"

"ஆமான்னு சொல்லுங்க. எங்க ஊட்டுப் பொம்பளதான்னு சொல்லுங்க."

அவர் காப்பியைப் பாதியில் வைத்தார்.

அப்போது ஹர்ஷிணி ஆபீசுக்குக் கிளம்பி வெளியே வந்தாள். சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒன்பது நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று போலிப் பெயர்களில் கணக்குத் தொடங்கி, எனக்காக முகம் தெரியாதவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, மன்னிப்புக் கேக்கறதா இருந்தா நேஹா கேக்கட்டுங்க. ஃபோனப் புடிச்சுட்டு நின்னது அவதானுங்க."

"நேஹா எடுக்கலைன்னு சொல்றா கண்ணு" என்றேன்.

"சொல்லுவாங்கம்மா. அம்மா ஏன் சிரிச்சாங்கன்னாவது சொல்லுடின்னா, மண்ணு மாதிரி நிக்கறா. குத்தம் இல்லாதவ ஏனுங்க வாய மூடோணும்?"

இரண்டு நாளுக்கு முன் குடும்ப குரூப்பில் எல்லோரும் பார்க்க, 'வீட்டுக்குள்ளேயே வைரல் பைத்தியம்' என்று நேஹாவின் பெயரைப் போட்டு எழுதிவிட்டிருந்தாள் ஹர்ஷிணி. அதற்குக் கீழே பதினோரு உறவினர்கள் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நேஹா குரூப்பை விட்டு வெளியே போய்விட்டாள். எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண் வாயை மூடியிருந்தாள்.  ஆனாலும் ஹர்ஷிணியிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷமே ஊருக்குப் போட்டுவிடுவாள் என்ற பயத்தில் அன்றைக்கும் சொல்லவில்லை.

"நீங்க இன்னைக்கு காலேஜுக்குப் போகோணுமா? மூணு மணிக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்று கேட்டாள்.

"ஒம்பது மணிக்கு டியூட்டி. ஒம்பது மணிக்குப் போவேன்."

சரவணம்பட்டியிலேயே ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக நான் நூலகர். அன்று மாலை மூன்று மணிக்கு நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டிருந்தது. விளக்கம் சரியில்லை என்றால் வேலை இருக்காது என்று அலுவலகத்தில் ஒருவர் ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

பஸ் ஏறுவதற்கு முன் பக்ருன்னிசா அக்காவின் வளையல் கடைக்குப் போனேன். பதினோராம் நாளுக்குப் பிறகு என் கைகள் மொட்டையாகத்தான் கிடந்தன. அந்தச் சின்ன வளையல்களைத் தேங்காய் எண்ணெய் தடவிக் கழற்றியபோது ஏற்பட்ட கீறல் மணிக்கட்டில் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அன்னைக்கு உங்க நாத்தனார் வந்து ரெண்டு நாலு கேட்டாங்கம்மணி. யாருக்குன்னு சொல்லல. அழுதுட்டு இருந்தாங்க, நானும் கேக்கல. உங்களுக்குன்னு சொல்லியிருந்தா குடுத்தே இருக்க மாட்டேன். உங்க கை எனக்குத் தெரியாதுங்களா?"

"பரவால்லீங்கக்கா. இப்ப ரெண்டு எட்டு குடுங்க. ஒரு டஜன். மெரூன்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, கீறல் மேல் படாமல் ஆறு ஆறாக ஏற்றிவிட்டார். சோப்பு தேவைப்படவில்லை.

கடைக்குள் ஒரு கல்லூரிப் பெண் பொட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, ஃபோனுக்குள்ள இருந்தவங்க வெளிய வந்துட்டாங்களா?" என்றார் அக்கா. "நேர்லயே நிக்கறாங்க. கேக்கறதக் கேட்டுப்போடு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணுமில்லீங்க" என்று மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

"டைப் அடிக்கறப்ப இருக்கற தைரியம் பாருங்க" என்று அக்கா சில்லறையைத் தனியாக எடுத்து வைத்தார், அவள் திரும்பி வந்தால் கொடுக்க.

நூலகத்தில் தெய்வாத்தாள் எனக்கு முன்பே வந்து மேசைகளைத் துடைத்து வைத்திருந்தாள். பத்து வருஷமாக அங்கே உதவியாளர். என் வளையல்களைப் பார்த்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"மேடம், உங்க கிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. சொன்னா அடிச்சாலும் சரிங்க."

"சொல்லு."

"அந்த வீடியோ மொதல் நாளே எனக்கு வந்துதுங்க. மஞ்சளும் பூவுமா இருந்தீங்களா, மூக்குக்கண்ணாடி வேற இல்ல. அடையாளமே தெரியலீங்க. நான் எங்க லைன் வீட்டுக்காரங்க குரூப்புக்கு ஃபார்வேர்டு பண்ணிப்போட்டேனுங்க. மூஞ்சில காறித் துப்பற பொம்மை ஒண்ணும் சேத்துப் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் நம்ம மேடம்னு தெரிஞ்சுது." துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். "அழிச்சுப்போடலாம்னு பாத்தா, நேரம் ஆயிருச்சுன்னு அழிக்க உடலீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாளில் என் எதிரே நின்று இதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான் என்பது மட்டுமே தோன்றியது.

"நானா இல்லாம வேற யாரோவா இருந்திருந்தா, சொல்லியிருப்பியா தெய்வா?"

நன்றாக யோசித்தாள். "இல்லீங்க மேடம்" என்றாள்.

பொய் சொல்லாததற்காக அவளுக்கும் ஒரு டீ சொல்லச் சொன்னேன்.

மூன்று மணிக்கு முதல்வர் அறைக்குப் போனேன். முதல்வர் அம்மாள், தாளாளர், கணினியில் எதையோ தட்டிக்கொண்டு ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி. உட்காரச் சொன்னார்கள்.

"உங்க மேல எங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் தாளாளர். "ஆனா நாலு பேரண்ட்ஸ் மெயில் போட்டிருக்காங்க. நம்ம காலேஜ் இணையப் பக்கத்துல போயி, இந்தம்மாதான் உங்க லைப்ரரியனான்னு கேக்கறாங்க. அட்மிஷன் நேரம் பாருங்க."

முதல்வர் அம்மாள் மெதுவாகச் சொன்னார். "வரலட்சுமி, ஒரே ஒரு வரி. ஏன் சிரிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாங்களே போட்டுடறோம். இன்னைக்கே எல்லாம் அடங்கிடும்."

அந்த ஒரு வரி என் நாக்கு நுனியில் இருந்தது. டொரண்டோவில் அப்போது விடிந்திருக்காது. அவன் தூங்கிக்கொண்டிருப்பான், தூங்கினால்.

"அது எங்க வீட்டு விசயங்க மேடம்."

"ஊரே பாத்துருச்சுங்களே?"

"பாத்தாங்க. யாரும் கேக்கலீங்க. இப்பத்தான் நீங்க கேக்கறீங்க, அதுவும் போஸ்ட் போடறதுக்காக."

மக்கள் தொடர்பு அதிகாரி தட்டுவதை நிறுத்தினார்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொன்னால் கெஞ்சுவது போல ஆகிவிடும் என்று பட்டது.

"அவங்க என்னைய பதினெட்டு நொடி பாத்தாங்க. நீங்க இருபத்திரண்டு வருசமாப் பாக்கறீங்க. எத வெச்சு முடிவு பண்ணுவீங்கங்கறது உங்க பாடுங்க. நாளைக்கும் ஒம்பது மணிக்கு நான் மேசையில இருப்பேன். வேண்டாம்னா எழுத்துல குடுத்துருங்க. அதுல காரணத்தையும் எழுதிருங்க. 'சிரிச்சாங்க'ன்னு."

தாளாளர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் என் கையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க" என்றார் கடைசியில்.

"வெள்ளிக்கிழமையும் இதேதானுங்க மேடம்."

வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மாணவன் கடந்து போனபோது, "மேடம், புக் ரின்யூ பண்ணோணும், லைப்ரரி திறந்திருக்குதுங்களா?" என்றான். அவன் அந்த வீடியோவைப் பார்த்திருப்பானா, தெரியாது. திறந்திருக்கிறது என்றேன். போய் அவன் புத்தகத்துக்குத் தேதி போட்டுக் கொடுத்தேன்.

வீடு வந்து சேர்ந்தபோது ஆறரை. ஹர்ஷிணி எனக்கு முன்பே வந்து, விளக்குப் போடாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் அரைநாள் லீவு போட்டிருக்கிறாள்.

"அம்மா, மொத மொதல்ல போட்டது யாருன்னு தேடிட்டே இருந்தனுங்க. கெடச்சிருச்சு."

ஃபோனை என் முன் வைத்தாள். பெயருக்குப் பதில் வெறும் எண்கள் கொண்ட ஒரு கணக்கு. முகப்படம் இல்லை. அதில் இருந்தது அந்த ஒரே வீடியோதான். பார்த்தவர்கள் நாற்பத்தோரு பேர். அங்கிருந்துதான் யாரோ எடுத்து, வெட்டி, பாட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

"இதுல மேல் பக்கம் வெட்டாம இருக்குதுங்க. மணியப் பாருங்க."

பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் இரவு 8.15 என்று இருந்தது.

"நம்ம வீட்ல அப்ப விடியக்காலம் அஞ்சே முக்கால்" என்றாள். "நேஹா ஃபோன்ல எடுத்திருந்தா அஞ்சே முக்கால்னு இருந்திருக்கோணும். எட்டே கால் எங்கன்னு உங்களுக்கே தெரியுமுங்க."

தெரியும். ஒவ்வொரு நாளும் அவனைக் கூப்பிடுவதற்கு முன் ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்துப் பார்க்கிறவள் நான்.

ஆதர்ஷின் ஃபோன். அவன் பக்கத்தில் கால் ஓடிக்கொண்டிருந்தபோதே பதிவாகியிருக்கிறது.

"இதுல பாட்டும் இல்லீங்கம்மா." ஹர்ஷிணி சத்தத்தைக் கூட்டினாள்.

'அளவு பாக்காம பேரிங் வாங்கிட்டு வந்துபோட்டு, இப்ப சுத்தியலத் தேடறியா?'

சமையலறையிலிருந்த அவள் அன்றைக்கு இதைக் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டாள். நான் வருவதற்குள் எத்தனை முறை கேட்டாளோ, கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"இதுக்காகவாங்கம்மா சிரிச்சீங்க?"

தலையசைத்தேன்.

"நேஹாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

அவள் குடும்ப குரூப்பைத் திறந்தாள். இரண்டு நாளுக்கு முன் தான் எழுதியதைப் படித்தாள். கீழே இருந்த பதினோரு கட்டைவிரல்களையும் பார்த்தாள்.

"ஒரு ஃபோன் புடிச்ச கையப் பாத்துட்டு எழுதிப்போட்டனுங்கம்மா" என்றாள். "அவனுகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"நீ நேர்ல போயிச் சொல்லலாம். அவனுக வர மாட்டாங்க."

"இப்பவே போறனுங்க" என்று வண்டிச் சாவியை எடுத்தவள், வாசலில் நின்றாள். "அதுக்கு முன்னால அண்ணனக் கூப்புடுங்க. நானும் இருக்கோணும்."

டொரண்டோவில் அப்போது காலை ஒன்பதரை இருக்கும். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அம்மா? காலேஜ்ல என்னாச்சுங்க?"

"அங்க ஒண்ணும் ஆகல. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்த வீடியோ உன் ஃபோன்ல இருந்து போச்சா?"

 ஹர்ஷிணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பத்து நாளா நீங்க சிரிக்கவே இல்லீங்கம்மா" என்றான். "அன்னைக்குச் சிரிச்சீங்க. மறுபடி பாக்கோணும்னு பதிவு பண்ணி வெச்சேன். நான் போடலீங்க. சத்தியமா நான் போடல. ஆனா ஒருத்தருக்கு மட்டும் அனுப்புனேன்."

"அப்பறம் ஏன்டா ஒம்பது நாளாச் சொல்லல?" என்றாள் ஹர்ஷிணி.

"வெளிய சொல்ற மாதிரி ஆளுக்கு அனுப்பியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன் பாப்பா." குரல் கரகரத்தது. "அம்மா, நான் லைவ்ல வந்து எல்லாத்தையும் சொல்லிடறனுங்க. என் குரல்னு சொல்றேன். உங்க வேலையாவது மிஞ்சட்டும்."

"வேண்டாம்."

"அம்மா..."

"வேண்டாம்னா வேண்டாம். என்னைய இன்னும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியல. உன்னைய அவங்க கையில குடுக்க மாட்டேன். வேலைய நான் பாத்துக்கறேன். யாருக்கு அனுப்புனே, அத மட்டும் சொல்லு."

வெளியே சத்தி ரோட்டில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது அடங்கியது. பிறகு, சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பேசுவானே, அந்தக் குரலில் சொன்னான்.

"ஸ்பீக்கர அணைச்சிடுங்கம்மா. பாப்பா கேக்க வேண்டாம்."

ஹர்ஷிணி என்னைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. அவள் யாரையோ யூகித்துவிட்டாள் என்பது தெரிந்தது. இந்த முறை வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. வண்டிச் சாவியோடு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு நேஹா வீட்டுக்குக் கிளம்பினாள்.

நான் ஸ்பீக்கரை அணைத்தேன். ஃபோனைக் காதுக்குக் கொண்டு போனபோது மெரூன் வளையல்கள் ஆறும் முழங்கையை நோக்கிச் சரிந்தன. சத்தம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"வளையல் போட்டிருக்கீங்களாம்மா?" என்றான்.

"போட்டிருக்கேன். இந்தத் தடவ அளவு பாத்து வாங்குனது. சொல்லு கண்ணு, யாரது?"